கணியூர்த் துளசியும் மாஸ்டரின் மூக்கும்

போன வாரம் சுதா போன் செய்தாள். நான் வேலை பார்த்த துணி பிராசசிங் கம்பெனியில் இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற பெண் அவள். குரலில் ஒரே பதற்றம்.

"அக்கா, புது மிஷின் வந்திருக்குதுங்க. எண்ணெய ஒரு சொட்டு உள்ள உட்டா, அதுல என்னென்ன வாசம் இருக்குதுன்னு மலை மலையா கோடு போட்டுக் குடுத்துருதுங்க. ரெண்டு கேன் துளசி எண்ணெய உட்டுப் பாத்தேன். ரெண்டுக்கும் வேற வேற மலை வருதுங்க. ரெண்டும் துளசிதானுங்களே? மிஷின் ரிப்பேருங்களா?"

"கேன் எந்தெந்த ஊர்ல இருந்து வந்துச்சு கண்ணு?"

"ஒண்ணு வெள்ளகோவில், ஒண்ணு கணியூருங்க."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அடுப்பில் பால் இருந்ததை மறந்து சிரித்தேன். அது பொங்கி வழிந்தது. "மிஷின் நல்லாத்தான் இருக்குது. அந்த ரெண்டு ஊரும் அப்படித்தான்" என்றேன். அவள் விடவில்லை. "அதை எழுதிக் குடுங்கக்கா. வர்ற புதுப் புள்ளைங்களுக்கெல்லாம் நான் எத்தனை தடவை வெளக்கறது?" என்றாள். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் எட்டாவதோடு நின்றவள். பனியன் கம்பெனியில் கைமடிக்க, அதாவது டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுக்க, சேர்ந்தேன். அப்புறம் செக்கிங், அப்புறம் பேக்கிங். இங்கிலீஷ் கற்றுக்கொண்டது சட்டைக் காலரில் தைக்கிற லேபிளைப் படித்துத்தான். எனக்குத் தெரிந்த முதல் இங்கிலீஷ் வாக்கியம் 'ப்ளீச் செய்யாதே'. இன்றைக்கும் இங்கிலீஷில் எனக்கு யாரையும் எதுவும் செய்யாதே என்று சொல்லத்தான் வரும், செய் என்று சொல்ல வராது. இன்னொரு பழக்கமும் உண்டு. மனிதர்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிற வார்த்தைகளைப் பொறுக்கி வைத்துக்கொள்வேன். இந்தக் கதை முழுக்க அப்படிப் பொறுக்கியதுதான்.

துணிக்கு வாசனை ஏற்றுகிற வேலையை எங்கள் முதலாளி தொடங்கியபோது, என்னைப் பேக்கிங் டேபிளிலிருந்து அங்கே மாற்றினார்கள். கம்பெனி முழுக்க அதற்குப் பெயர் மூக்கு ரூம். சின்ன அறைதான். ஆனால் ஸ்டூல் உண்டு, ஃபேன் உண்டு, நாள் பூரா நிற்க வேண்டியதில்லை. என் முழங்காலுக்கு அது சொர்க்கம்.

வேலை இதுதான். எண்ணெயை அப்படியே துணியில் தெளித்தால் மறுநாளே பறந்து போய்விடும். அதனால் கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டி உறைகளுக்குள் எண்ணெயை அடைத்து, பால் மாதிரி ஒரு கரைசலாக்குவோம். துணியில் ஒட்டிப் பிடிக்க அதில் ஒரு பசை சேரும். துணி தொட்டிக்குள் முங்கி எழுந்து, இரண்டு ரப்பர் உருளைகளுக்கு நடுவே பிழிபட்டு, ஸ்டென்டர் என்கிற நீளமான சூட்டு மிஷினுக்குள் போய்க் காய்ந்து வரும். சட்டையைப் போட்டவர் கையைத் தூக்கினாலோ குனிந்தாலோ துணி உரசி, உறைகள் கொஞ்சம் கொஞ்சமாக உடைந்து மணக்கும். ஸ்டென்டரில் சூடு கூடிவிட்டால் உறைகள் உள்ளேயே வெடித்துவிடும். அன்றைக்கு ரோட்டில் போகிறவருக்கெல்லாம் இலவசமாக மணக்கும், துணி மட்டும் மணக்காது.

மூக்கு ரூமுக்குள் பூ வைத்துக்கொண்டு வரக்கூடாது. பவுடர் கூடாது, வெற்றிலை கூடாது, மத்தியானச் சாப்பாட்டில் வெங்காயம் கூடாது. வெள்ளிக்கிழமையும் வெறும் தலையோடு வேலைக்குப் போன ஒரே பொம்பளை எங்கள் தெருவில் நான்தான். "உங்க ஊட்டுக்காரருக்கும் உனக்கும் சண்டையா அம்மிணி?" என்று பக்கத்து வீட்டுக்காரம்மா கேட்டே ஓய்ந்து போனார்.

ரூமுக்குத் தலைவர் குழந்தைவேல் மாஸ்டர். பல வருஷம் சாயப்பட்டறையில் கலர் மாஸ்டராக இருந்தவர். வாடிக்கையாளர் கொடுத்த துண்டுத் துணியின் கலரும் நம் துணியின் கலரும் ஒன்றா என்று பார்த்துச் சொல்வதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. வாசனைக்கும் அதே தோரணைதான். வெள்ளை அரைக்கைச் சட்டை, பையில் ஒரு பேனா, பேனாவுக்கு மேல் ஒரு சுருக்கமான சிரிப்பு. துணியை முதலில் எங்கள் மூக்குக்கு நேரே நீட்டுவார். எனக்கு ஒரு தடவை, துணியை முக்கிப் பிழிகிற பேடிங் மிஷினை ஓட்டுகிற பீகார்க்காரன் சோனுவுக்கு ஒரு தடவை. அப்புறம்தான் தன் மூக்குக்குக் கொண்டுபோவார். கண்ணை மூடி, ஆள்காட்டி விரலை மேலே தூக்கி, மூச்சை இழுப்பார். பிறகு தீர்ப்பு வரும்.

"ஒரு டோன் டல்லா இருக்குது. கொஞ்சம் நீலம் அடிக்குது. ஆனா போலாம்."

வாசனையில் நீலம் எங்கே இருக்கிறது என்று எங்களுக்குப் புரிந்ததே இல்லை. ஆனால் அவர் சொன்னது தப்பியதும் இல்லை. எனக்கு எது கொஞ்சம் தூக்கலாகத் தோன்றியதோ அதையே அவர் அச்சாகச் சொல்வார். பெரிய மனுஷர், பெரிய மூக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அந்தத் துளசி ஆர்டர் வந்தது. வெளிநாட்டில் யோகா செய்கிறவர்கள் போடுகிற சட்டை, துளசி மணக்க வேண்டும். வெள்ளகோவில் எண்ணெயில் சாம்பிள் போட்டோம். வாங்குகிறவர்களின் ஆபீஸிலிருந்து சென்னைக்காரர் ரேகா மேடம் வந்து மோந்து பார்த்து, சரி என்று சொல்லி, அந்தத் துணியைக் காற்றுப் புகாத கவரில் போட்டு எடுத்துக்கொண்டு போனார். ஆர்டர் பெரியது. முதலாளி மூக்கு ரூமுக்கே நேரில் வந்தார்.

"மாஸ்டர், இது ஓடுச்சுன்னா ரூம் ஓடும். இது போச்சுன்னா இந்த ரூம்ல கேண்டீன் வெச்சுருவனுங்க. அங்க எடம் பத்தறதில்லீங்க, பாத்துக்குங்க."

ரூம் போனால் எனக்கு மறுபடி பேக்கிங் டேபிள்தான், நின்றுகொண்டேதான். மாஸ்டருக்கு அதுவும் கிடையாது. அந்த வயதில் சாயப்பட்டறைச் சூட்டுக்கு அவரை யாரும் திரும்பக் கூப்பிட மாட்டார்கள்.

பெரிய லாட்டுக்கு வெள்ளகோவில் எண்ணெய் போதவில்லை. பர்ச்சேஸில் இருந்தவர் கணியூரிலிருந்து வரவழைத்துவிட்டார். துளசி எண்ணெய் கேட்டார், துளசி எண்ணெய் வந்தது. அவர்மேல் என்ன குற்றம்? முதல் லாட் துணி ஸ்டென்டரை விட்டு வெளியே வந்ததும் ஓடிப்போய் மோந்தேன். சோம்பு! ஓட்டலில் சாப்பிட்டுவிட்டுக் கைகழுவி வரும்போது கல்லாப் பக்கத்தில் கிண்ணத்தில் வைத்திருப்பார்களே, அதே மணம். சாம்பிளோ கிராம்பு மாதிரிக் காரசாரமாக இருந்தது.

"மாஸ்டருங்க, இது வேற என்னமோ வருதுங்களே?"

மாஸ்டர் என் முகத்தைப் பார்த்தார், சோனுவைப் பார்த்தார், விரலைத் தூக்கினார். "ஷேடு மாறியிருக்குது. பதறாத அம்மிணி. டாப்பிங் போட்டுக்கலாம்."

டாப்பிங் என்பது சாயப்பட்டறை வித்தை. கலர் கொஞ்சம் குறைந்தால் அந்தக் கலரை மேலே இன்னும் கொஞ்சம் சேர்ப்பார்கள். கூடினால் எதிர்க்கலரைத் தொட்டு அடக்குவார்கள். பார்த்துப் பார்த்துச் சேர்த்து சாம்பிளுக்குக் கொண்டுவந்துவிடலாம். வாழ்நாள் முழுக்க அதைச் செய்தவர் வாசனைக்கும் செய்யலாம் என்று நம்பினார். நான் மறுநாள் என் நங்கையா, அதாவது நாத்தனார், வீட்டுச் சீருக்கு லீவு. மாஸ்டரும் சோனுவும் மட்டும் ரூமில் இருந்தார்கள்.

அதற்கடுத்த நாள் காலையில் கம்பெனி இருக்கிற தெருவுக்குள் திரும்பினேன். கேட்டருகே நாய்கள் கூட்டமாக உட்கார்ந்திருந்தன. வாட்ச்மேன் என்னைக் கண்டதும் எழுந்து வந்தார்.

"ஏனுங்கம்மா, மொதலாளி ஊட்ல விசேஷமுங்களா? நமக்கெல்லாம் சொல்லவே இல்லீங்களே?"

உள்ளே போனேன். நடந்தது இதுதான். சோம்பு மணத்துக்கு மேலே கிராம்பு எண்ணெய் சேர்த்திருக்கிறார்கள். காரம் கூடிவிட்டது. அதை அடக்க ஏலக்காய். ஏலக்காய் இனித்ததும் அதைத் தட்ட லவங்கப்பட்டை. துளசி எங்கோ அடியில் போய்ப் பதுங்கிக்கொண்டது. மேலே நின்றது முழுப் பிரியாணி. வெள்ளை வெளேரென்று ரோல் ரோலாக அடுக்கிவைத்த பிரியாணி.

தையல் செக்ஷனில் பதினோரு மணிக்கே எல்லோரும் டிபன் பாக்ஸைத் திறந்துவிட்டார்கள். திருநெல்வேலிப் பக்கத்துச் செல்வி என்னிடம் வந்து கிசுகிசுத்தாள். "எக்கா, இந்தத் துணியை மடிக்கையில வயிறு கிள்ளுதுக்கா. நான் புதன்கிழமை விரதம், கறி திங்க மாட்டேன், என்னைய ஏன் சோதிக்காக?"

முதலாளி வந்தார். ஒரு முழம் துணியை முகத்தருகே கொண்டுபோனார். மறுபடியும் ஒரு தடவை மோந்தார்.

"ஏனுங் மாஸ்டர், இதப் போட்டுக்கிட்டு யோகா பண்ணுவாங்களா, பந்தியில உக்காருவாங்களா?"

முதலாளி துணியை மேசைமேல் போட்டார். "கேண்டீனுக்குப் பொருத்தமாத்தானுங்க இருக்குது" என்று சொல்லிவிட்டு முதலாளி போய்விட்டார். ரேகா மேடம் அந்த வாரமே வருவதாகத் தகவல். பிரியாணி ஆனது சில ரோல்கள்தான். ஆனால் சோம்புத் துணி மலையாகக் குவிந்திருந்தது.

எண்ணெய் ஏன் மாறியது என்று தெரிந்துகொள்ளாமல் மேடம் முன்னால் நிற்க முடியாது. நானும் மாஸ்டரும் கம்பெனிக் குட்டியானை லோடு வண்டியில் ஏறி முதலில் வெள்ளகோவில் போனோம். காய்ந்த செம்மண், கிணற்றுத் தண்ணீர், வெயில் தலையைப் பிளந்தது. எண்ணெய் வடிப்பவர் கணியூர்ச் சரக்கை ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டுத் தேய்த்து மோந்தார். "இதெல்லாம் துளசிங்களா? பஸ் ஸ்டேண்டு பீடாக் கடைங்க!" என்று கையைத் துடைத்துக்கொண்டார்.

அங்கிருந்து கணியூர். வாய்க்கால் தண்ணீர், தென்னை, நெல், நடுவே பச்சைப் பசேலென்று துளசி. வடிப்பவர் பெயர் தங்கவேல். வெள்ளகோவில் எண்ணெயை அவரிடம் நீட்டினோம். கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

"சாமி, இது பல்லுவலி மருந்துங்க. இதப் போட்டுக்கிட்டு எப்படிங்க ஒரு மனுசன் நிம்மதியா இருப்பான்? எங்க துளசிதானுங்க அசல்."

ஆக, இரண்டு ஊரும் தன்னுடையதே துளசி என்று சத்தியம் செய்தது. பிற்பாடு ரேகா மேடம்தான் எனக்கு விளக்கமாகச் சொன்னார். அவர் வேதியியல் படித்தவர். துளசி எண்ணெய் என்பது ஒரே சரக்கு இல்லையாம், பல சரக்குகளின் கூட்டாம். அதில் கிராம்பு மணத்தைத் தருவது யூஜினால். சோம்பு மணத்தைத் தருவது மெத்தில் சாவிகால். எந்தச் செடியில் எது தூக்கலாக இருக்கும் என்பது முதலில் அந்தச் செடியின் வம்சத்தைப் பொறுத்தது. அதற்கு மேலே மண், தண்ணீர், வெயில், பூக்கும் முன் அறுத்தார்களா பூத்த பின்னா, நிழலில் உலர்த்தினார்களா, எல்லாம் சேர்ந்து கூட்டிக் குறைக்கும். பார்வைக்குச் செடி ஒன்றுதான். மோந்தால் ஊருக்கு ஊர் வேறு. சுதா, உன் மிஷின் போடுகிற மலைகள் அவைதான்.

மாஸ்டர் தங்கவேலின் கொட்டகைக்குள் கேன்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவருக்குப் பின்னால் வாசலில் நின்றேன். ஒரு கேனைத் திறந்தார். கண்ணை மூடினார், விரலைத் தூக்கினார், நெஞ்சு நிறைய இழுத்தார்.

"இதுதான் நம்ம சாம்பிளுக்குக் கிட்டத்துல வருது. கொஞ்சம் டெப்த் அதிகம். ஆனா நல்ல டோன்."

தங்கவேல் அவரையும் கேனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏனுங்க, அது மோட்டாருக்கு வாங்கி வெச்ச டீசலுங்களே."

மாஸ்டர் கேனை மெதுவாக மூடிவைத்தார்.

டிரைவர் வண்டிக்குக் காற்றுப் பார்க்கப் போனபோது, மாஸ்டர் தென்னை மரத்தடியில் உட்கார்ந்து என்னிடம் உண்மையைச் சொன்னார். பல வருஷத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சல் வந்து, காய்ச்சலோடு மூக்கும் போய்விட்டது. ரசமும் சரி, சாக்கடையும் சரி, அவருக்கு ஒன்றுதான்.

"அப்ப இத்தன நாளா எப்படிங்க சொன்னீங்க?"

"உங்க மூஞ்சியப் பாத்துத்தான். கிராம்பு தூக்கலா இருந்தா சோனுவுக்கு மூக்கு எடப்பக்கமா கோணும். சோம்பு வந்தா நீ புருவத்தைத் தூக்குவ. ரெண்டு பேருக்கும் மூஞ்சி அசையலீன்னா சரக்குச் சரி. கலரு பாத்த கண்ணு அம்மிணி, சின்ன வித்தியாசமும் தெரிஞ்சுரும்."

"அப்ப பிரியாணி?"

பெருமூச்சு விட்டார். "அன்னைக்கு நீ லீவு. சோனு ஒருத்தன்தான். ஒவ்வொண்ணாச் சேக்கச் சேக்க அவன் மூஞ்சி அப்படியே மலந்துட்டு வந்துச்சு. பட்டை போட்டதும் சந்திரனாட்ட ஆயிட்டான். சரி, சாம்பிளப் புடிச்சுட்டோம்னு நெனச்சேன்."

சோனு காலையில் சாப்பிடாமல் வந்திருந்தானாம். அதை யார் கேட்டார்கள்?

நான் சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சிரிச்சுக்க, எனக்குத் தெரியுது" என்றார்.

சோனுவைத் தவிர யாரிடமும் சொல்வதில்லை என்று முடிவு செய்தோம். மேடம் வரும்போது நானும் சோனுவும் மாஸ்டர் எதிரே நிற்போம், வழக்கம்போல அவர் சமாளித்துக்கொள்வார் என்பது ஏற்பாடு. மறுநாள் ஒத்திகை பார்த்தோம். அங்கேதான் புதுத் தொல்லை. அவர் என் புருவத்தைத்தான் பார்க்கிறார் என்று தெரிந்த பிறகு என் புருவம் என் பேச்சைக் கேட்கவில்லை. எதை மோந்தாலும் மேலே ஏறிக்கொண்டது. வெறும் தண்ணீரை நீட்டினாலும் ஏறியது. "மரகதம், ரெண்டு நாளைக்கி முன்னாடி இருந்த மூஞ்சியக் கொண்டா" என்று கெஞ்சினார். அதை எங்கே போய்த் தேடுவது?

ரேகா மேடம் வந்தார். எண்ணெய் மாறிய கதையைக் கேட்டுவிட்டு, தானே துணி வெட்டிப் போட்ட மூன்று கவர்களை மேசைமேல் வைத்தார். புதிதாகப் போட்ட வெள்ளகோவில் துணி, கணியூர்த் துணி, இன்னொன்று. எது எது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும்.

"சார், சாம்பிளைப் போட்டுக் கொடுத்தது நீங்க. அதனால நீங்க மட்டும் சொல்லுங்க. மத்தவங்க வெளிய இருக்கட்டும். அக்கா, நீங்க கவர் எடுத்துக் கொடுக்கணும், சாருக்குப் பின்னாடி நில்லுங்க."

பின்னாடி! அங்கே நின்றால் என் முகம் அவருக்குத் தெரியாது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே சோனு எட்டி எட்டிக் குதித்துத் தன் முகத்தைக் காட்டப் பார்த்தான். மேடம் எழுந்து திரையை இழுத்துவிட்டார். பக்கத்து ஹாலில் முதலாளி யாரோ கொத்தனாரிடம் அடுப்பு மேடை எவ்வளவு நீளம் வரும் என்று பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

முதல் கவரை நீட்டினேன். மாஸ்டர் அதை வாங்கித் தன் மூக்குக்குக் கொண்டுபோகவில்லை.

"நீங்க மொதல்ல பாத்துட்டுக் குடுங்க மேடம். அதுதானுங்க மரியாதை."

மேடம் மோந்தார். எனக்கு அப்போதுதான் பளிச்சென்றது. எதிரே ஒரு முகம் இருக்கிறதே! மேடத்தின் நாக்கு ஒரு பக்கக் கன்னத்தை உள்ளிருந்து தடவியது. மாஸ்டர் துணியை வாங்கிக் கண்ணை மூடி, விரலைத் தூக்கினார்.

"வெள்ளகோவில். சுத்தமான துளசிங்க மேடம். ஆனா பல்லு டாக்டரு ஞாபகம் வரும்."

மேடம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கரெக்ட் சார்! சாம்பிள்லயே எனக்கு அது தோணுச்சு, சொல்லத் தெரியல."

இரண்டாவது கவர். மேடத்தின் உதடு தானாக ஒரு ஓரத்தில் விரிந்தது. கல்யாண வீட்டில் சாப்பிட்டு எழுந்த முகம்.

"கணியூர். வயிறு நெறஞ்சு, மனசு ஆறி இருக்கற துளசிங்க."

மூன்றாவது கவர். மேடம் மோந்தார். ஒன்றும் நடக்கவில்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்கிற முகம். மாஸ்டர் இந்தத் தடவை விரலைக்கூடத் தூக்கவில்லை.

"சும்மாத் துணிய எதுக்குங்க மேடம் மோக்கச் சொல்றீங்க?"

மேடம் கைதட்டியே விட்டார். கொஞ்ச நேரம் மாஸ்டரையே உற்றுப் பார்த்துவிட்டு, "ஆனா சார், நீங்க துணியைப் பார்க்கவே இல்ல. என்னையேதான் பார்த்தீங்க" என்றார்.

நான் கவர்களை எடுத்து அடுக்க ஆரம்பித்தேன்.

"துணி எனக்கில்லீங்களே மேடம், உங்களுக்குத்தானுங்களே" என்றார் மாஸ்டர்.

மேடம் சிரித்துவிட்டார். அவருக்கு எவ்வளவு புரிந்ததோ, நாங்கள் கேட்கவில்லை. "உண்மையைச் சொன்னா எனக்கு ரெண்டாவதுதான் பிடிச்சிருக்கு. ஆனா ஓக்கே ஆன சாம்பிள் அது இல்லையே. ஒரே பேர்ல ரெண்டு வாசனை அனுப்ப முடியாது" என்று இழுத்தார்.

லேபிள் படித்தே வளர்ந்தவள் இல்லையா நான், வாய் சும்மா இருக்கவில்லை. "அப்ப ரெண்டு பேரு வெச்சுருங்க மேடம். ஊர்ப் பேரையே லேபிள்ல போட்டுட்டா? செடி ஒண்ணு, ஊரு ரெண்டு. அதுதானுங்களே நெசம்?"

மேடம் அதை வாங்குகிறவர்களுக்கு எழுதினார். அவர்களுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. காலரில் ஒரு சட்டைக்கு 'வெள்ளகோவில்', இன்னொன்றுக்கு 'கணியூர்' என்று இங்கிலீஷில் அச்சாகி வந்தது. கீழே என் பழைய நண்பன் 'ப்ளீச் செய்யாதே'. முதலாளி லேபிளைத் தடவித் தடவிப் பார்த்தார். கொத்தனாரை அனுப்பிவிட்டார். தங்கவேலுக்குப் போனில் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "வெள்ளகோவில் சட்டை முன்னாடி வித்துச்சுங்களா, எங்க சட்டை முன்னாடி வித்துச்சுங்களா?"

பிரியாணி ரோல்களைச் சட்டையாகத் தைத்து எங்களுக்கே கொடுத்துவிட்டார்கள். சோனு அதைப் போட்டுக்கொண்டு ஊருக்கு ரயில் ஏறினான். வழி நெடுக யாரும் அவனுக்கு இடம் கொடுக்காமல் இல்லையாம். எல்லோரும் பையில் என்ன இருக்கிறது என்று மட்டும் கேட்டார்களாம்.

சுதா அனுப்பிய மலைப்படம் இரண்டையும் நேற்று மாஸ்டர் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். வயதாகிவிட்டது. கண் மட்டும் அப்படியே இருக்கிறது. அந்தப் பிரியாணிச் சட்டையைத்தான் போட்டிருந்தார், துவைத்துத் துவைத்து அதுவும் சாதுவாகிவிட்டது. போனை நீட்டினேன். ஒரு படத்தைக் காட்டினேன், அடுத்ததைக் காட்டினேன். அவர் போனைப் பார்க்கவே இல்லை.

"ரெண்டாவதா காட்டுனது கணியூரு" என்றார்.

"எப்படிங்க?"

"புருவம் ஏறுச்சு."

வீட்டுக்கு வந்ததும் சுதாவுக்குப் போன் போட்டேன். அவளுக்கு ஒரே ஆச்சரியம். "அக்கா, அவருக்கு இந்த மிஷினெல்லாம் பாக்கத் தெரியுமுங்களா?"

"தெரியாது கண்ணு. மிஷின் நல்ல மிஷின்தான்னு சொன்னாரு. ஒரு புருவம் மட்டும் வெச்சுக் குடுத்தாப் போதுமாம்."